டீசலில் கேட்காதது

22 ஆகஸ்ட் 2008, வெள்ளி

இன்று நானும் என் மனைவி சரசுவும் இரண்டு எஸ்.யூ.வி. ஓட்டிப் பார்த்தோம். பெரிய டீசல் வண்டிதான் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். அதில் போகும்போது சரசு ஏதோ கேட்டாள். பனியன் கம்பெனியில் இருபது வருஷம் நிட்டிங் மெஷின் சத்தத்தில் நின்ற காது, டீசல் இரைச்சலில் எதுவும் பிடிபடவில்லை. வழக்கம்போலச் சமாளித்தேன்.

"ஆமா சரசு, நல்லா இழுக்குது."

அவள் சிரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அடுத்தது சின்ன பெட்ரோல் வண்டி. பாதி வழியில் தனக்குத்தானே பேசுவதுபோல் முனகினாள்: "பசிக்குதுங்களான்னு கேட்டா, இழுக்குதுங்கறாரு."

"இன்னும் பசிக்கல. உனக்கு?" என்றேன்.

சட்டென்று என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, கத்தாமயே கேட்டுருச்சுங்களா?"

பிறகு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், அதே சின்னக் குரலில். ஷோரூம் வாசல் வந்தும் நான் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்றுப் போனேன்.