கோபம் வராத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் ஒருவர் வந்து, "நல்லவேளை, இடது பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டுத் தையற்காரர். வந்தார், பிஸ்கட் தின்றார், இதைச் சொன்னார், எழுந்து போனார். பார்க்க வந்தவர்களில் இதைச் சொல்லாத ஒரு ஆளாவது உண்டா? ஏதோ நான் கடைக்குப் போய், வலதா இடதா என்று புரட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கி வந்த மாதிரி.

இடது கால்தான் கிளட்ச் மிதிக்கிற கால். பாதி ஆயுளைக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே கழித்தவளிடம் வந்து இடதுதானே என்கிறார்கள்.

ஜனவரியில் பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸ் கையிலிருந்து தானாக நழுவியது. எடுக்கலாமென்று குனிந்தேன், நானும் அதன் பின்னாலேயே போய்விட்டேன். அவ்வளவுதான் ஞாபகம். பக்கவாதம் என்றார்கள். வாய் கொஞ்சம் கோணி, பிறகு நேராகிவிட்டது. காலும் கையும்தான் இன்னும் ஊர் திரும்பவில்லை.

இடது கை இப்போது வீட்டில் தங்க வந்த தூரத்து உறவு மாதிரி. எங்கே போனாலும் கூடவே வருகிறது. எதற்கும் கைகொடுப்பதில்லை.

மார்ச் 7, வெள்ளி

இவர் ஒன்றாம் வகுப்பு வாத்தியார். அது தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். ஆனால் என்னையும் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார் என்று யாருக்குத் தெரியும்?

"எங்க, அந்தச் சுண்டுவிரல மட்டும் மடக்கு பாப்போம்" என்கிறார். மடங்கவில்லை என்றால் "பரவாயில்ல, நாளைக்கு மடக்கலாம்." இட்ட சோற்றைச் சிந்தாமல் தின்றுவிட்டால் "சபாஷ்!" இன்று காலை கழிப்பறையிலிருந்து வந்தபோதும் சபாஷ். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊன்றுகோலை அவர் காலில் குத்தியிருப்பேன். அதைத் தூக்கினால் நான் விழுந்துவிடுவேன் என்பதால் பிழைத்தார்.

குரல் உயர்த்தமாட்டார். முகம் சுளிக்கமாட்டார். பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு நாள் முழுக்க இப்படியே சிரித்த முகமாக என் பின்னால் நடக்கிறார். இதைவிட ஒரு கடுகடுத்த நர்ஸ் இருந்தால் தேவலை.

மார்ச் 12, புதன்

உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண்ணுக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... எடம் இருக்கு, இன்னும் கொஞ்சம்..." எங்கே இருக்கிறது இடம்? முட்டி அதற்கு மேல் மடங்காது என்று கத்தினேன். "மடங்குதே" என்றாள். பார்த்தேன், மடங்கித்தான் இருந்தது. அதற்கும் கோபம்தான் வந்தது.

முன்பாதம் தூக்கமாட்டேன் என்கிறது, தரையைத் தேய்த்துக்கொண்டே வருகிறது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்கிறாள், கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரை. அதன் மேல் எந்தச் செருப்பும் ஏறாது. ஆகவே இவருடைய பழைய ஷூ ஒன்றை இடது காலிலும், என் செருப்பை வலது காலிலும் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் நடக்கிறேன். ஆளுயரக் கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னேன்.

போகும்போது சொன்னாள்: இந்த முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் திரும்ப வருமாம், பிறகு மெதுவாகிவிடுமாம், ஒரு நாளும் விடக் கூடாதாம். இதைச் சொன்னால் எனக்கு உற்சாகம் வருமென்று நினைக்கிறாளா? அவள் போனதும் காலண்டரில் மாதங்களை எண்ணினேன்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒருத்தருக்கு இதே மாதிரி வந்து, ஒரே மாதத்தில் எழுந்து, இப்போது மாடிப்படி ஏறுகிறாராம். எல்லாருக்கும் இப்படி ஒருத்தரைத் தெரிந்திருக்கிறது. அந்த ஆளை நான் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

"மனசு வெச்சா முடியும்டி. நீ மனசே வெக்கல" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் சொன்னதற்காக இல்லை. இப்போதெல்லாம் எதற்கென்று இல்லாமல் வருகிறது. போன வாரம் தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்துக்கு அழுதேன். தையற்காரர் தன் மாமா இறந்ததைச் சொல்லும்போது சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை. மூளையில் அடிபட்டால் அப்படித்தானாம். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் இணைப்பை மாற்றி மாட்டிவிட்ட வண்டி மாதிரி.

அக்காவோ தன் பேச்சு நெஞ்சைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். திருப்தியாகப் போனாள்.

மார்ச் 27, வியாழன்

தம்பி வந்தான். பயிற்சிப் பள்ளியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடத்துகிறோம். நெடுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான். என் வண்டிக்கு வேறு ஒரு பெண் பயிற்சியாளரைப் போட்டுவிட்டானாம். பதிவு செய்த பெண்கள் காத்துக்கொண்டிருக்கிறார்களாம், வேறு வழி தெரியவில்லையாம். என் சீட்டை அந்தப் பெண் முன்னால் தள்ளிப் போட்டிருக்கிறாள் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னான், பாவம்.

நான் "சரி" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். கத்துவேன் என்று தயாராக வந்திருப்பான் போல. நானும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன், கோபம் வருகிறதா என்று. வரவில்லை. யாருடைய வண்டியையோ யாரோ ஓட்டுகிறார்கள். ஓட்டட்டுமே.

ஏப்ரல் 2, புதன்

பயிற்சி செய்யவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 9, புதன்

கண்டக்டரைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். கதவருகே இவரிடம் ஏதோ தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். சுவரில் பார்க்க எதுவுமில்லை, அதனால்தான் பிடித்திருக்கிறது.

தூங்கினால் எழுந்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. செத்துப்போகணும்னுகூட இல்லை. அதுக்கும் ஏதாவது பண்ணணுமே. சும்மா, இல்லாம போயிட்டா போதும்.

இதை ஏன் எழுதுகிறேன்?

ஏப்ரல் 10, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாலையில் இவர் டீ கொண்டுவந்தார். குடிக்கிறாயா என்றார், பேசாமல் இருந்தேன். கரண்டியால் ஊட்டட்டுமா என்றார், பேசாமல் இருந்தேன். "சரி, ஒரே ஒரு வாய், நல்ல பிள்ளையில்ல" என்று கரண்டியைக் கொண்டுவந்தார். வாயை இறுக மூடிக்கொண்டேன். டீ கழுத்தில் வழிந்தது.

கிளாஸைத் தூக்கி எறிந்தார். இவர்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேசையில் ஏறிக் குதித்தாலும் "இறங்குங்க தங்கம்" என்கிற மனிதர். கிளாஸ் அலமாரியில் பட்டுச் சிதறியது.

"எனக்கும் முடியலடி" என்றார். "நீ செத்துடுவியோன்னு ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தேன். பொழச்சிட்டன்னு சொன்னாங்க. எங்க பொழச்ச? என் கண்ணு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்க. நானும் கோமாளி மாதிரி சிரிச்சிக்கிட்டே திரியறேன்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிப்போயிற்று.

"நீ என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? வீடே பயமா இருக்கு. ஒரு வார்த்த திட்டேன். டீல சக்கர இல்லன்னாவது சொல்லேன்."

"சக்கர இல்லதான்" என்றேன்.

உண்மையிலேயே இல்லை. போட மறந்திருக்கிறார். நான் சொன்னதும் எனக்கு அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது, நிற்கவே மாட்டேன் என்கிறது. அவர் ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

அதன் பிறகு, நேற்று எழுதியதை அவரிடம் சொன்னேன். தூங்கினால் எழுந்திருக்கக் கூடாது என்று இருப்பதை. சபாஷ் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிச் சில்லுகளை அப்புறம்தான் பெருக்கினார்.

ஏப்ரல் 17, வியாழன்

இவர் மனநல மருத்துவரிடம் போகச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. கால் வரவில்லை என்றால் தலையைப் பார்க்கிறார்கள். போதாதற்கு நாற்காலிகள் எல்லாம் பள்ளம். ஒரு கையால் எழுந்திருக்க முடியாத நாற்காலிகளை வைத்துக்கொண்டு என்ன மருத்துவமனை நடத்துகிறார்கள்?

டாக்டரம்மா ரொம்ப நேரம் கேட்டார். தூக்கம், பசி, அழுகை, சாவைப் பற்றி நினைப்பு வருகிறதா, ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். சுற்றி வளைக்காதது பிடித்திருந்தது. நானும் நேராகவே பதில் சொன்னேன். பிறகு என் தரப்பைச் சொன்னேன்: நான் மனசு வைக்கவில்லை, அக்கா சொல்வது சரிதான், சோம்பேறியாகிவிட்டேன் என்று.

"கால் தூக்க வரலன்னா சோம்பேறின்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டார். "அடிபட்டது மூளையில. காலுக்குப் போற வழி அங்கதான் இருக்கு, மனசுக்குப் போறதும் அங்கதான் இருக்கு. ரெண்டுக்கும் வைத்தியம் பண்ணணும். ஒண்ண விட்டுட்டு இன்னொண்ணு நடக்காது."

மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம். அந்த நினைப்பு பலமாக வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும் என்று இவரிடம் எண் கொடுத்தார். வாரா வாரம் வந்து பேசவும் வேண்டுமாம். அந்த நாற்காலியிலா?

ஏப்ரல் 29, செவ்வாய்

மாத்திரையால் இதுவரை கண்ட பலன் குமட்டல் மட்டும்தான். கண்டக்டர் திரும்ப வந்துவிட்டாள். மனசில்லாமல்தான் செய்கிறேன் என்றேன். மனசு அப்புறம் வரட்டும், முட்டியை முதலில் மடக்குங்கள் என்கிறாள்.

மே 15, வியாழன்

கண்டக்டரோடு சண்டை. மேசையில் துணிக் கவ்விகளைக் கொட்டி, இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கயிற்றில் மாட்டச் சொல்கிறாள். ஒன்றை எடுப்பதற்குள் வியர்த்துக் கொட்டுகிறது. மாட்டினால் விழுகிறது. "இது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, என்னால முடியாது, எடுத்துட்டுப் போ" என்று கையால் தட்டிவிட்டேன். கவ்விகள் அறை முழுக்கப் பறந்தன.

அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். என்ன சிரிப்பு என்றேன்.

"எந்தக் கையால தட்டுனீங்க?"

பார்த்தேன். இடது கை. பிறகு அவள் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி, மறுபடியும் என் முன்னாலேயே வைத்தாள். இரக்கமே கிடையாது.

ஜூன் 3, செவ்வாய்

தனியாகக் குளித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துதான். தாழ் போட வேண்டாம் என்று இவர் கெஞ்சினார். போட்டேன். வெளியே நின்றுகொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் "இருக்கியா?" "இருக்கியா?" எங்கே போவேன், ஜன்னல் வழியாகவா? "இருக்கேன், தொலஞ்சு போங்க" என்று கத்தினேன். தொலையவில்லை.

முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இடது கை வலது தோளுக்குச் சோப்புப் போட்டது, அரைகுறையாக.

நடுவில் நான்கு நாள் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் படிக்கும்போது நேராக ஏறி வந்த மாதிரி இருக்கும். டாக்டரம்மாவிடம் சொன்னதற்கு, அப்படித்தான் வரும் போகும், ஆனால் இந்தத் தடவை நீங்களே எழுந்தீர்களே என்றார். எழுந்தேன்தான். பசித்தது.

ஜூலை 7, திங்கள்

பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். தம்பி வகுப்பறையில் சாலைக் குறியீடுகள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். தூங்குகிற குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவது மாதிரி எடுக்கிறான். முன் வரிசையில் ஒரு ஆள் நிஜமாகவே தூங்கினார். பொறுத்துப் பார்த்தேன். கோல் ஊன்றி முன்னால் போய், நீ உட்கார் என்று அவனை உட்காரவைத்துவிட்டு நானே எடுத்தேன்.

பேசப் பேச நாக்கு கொஞ்சம் தடித்தது. முடிந்ததும் அடித்துப் போட்ட மாதிரி களைப்பு. ஆனால் யாரும் தூங்கவில்லை.

புதிய பயிற்சியாளரையும் பார்த்தேன். நன்றாகத்தான் சொல்லித்தருகிறாள். அது ஒரு எரிச்சல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுத நேரமே இல்லை. காலையும் மாலையும் வகுப்பு. அதில் ஒருத்தி வலது பக்கம் கைகாட்டிவிட்டு இடது பக்கம் திரும்புகிறாள், கேட்டால் மனதுக்குள் சரியாகத்தான் நினைத்தாளாம்.

வரும்போது பஸ்ஸில் இன்னொரு கூத்து. நான் ஏறி உட்காருவதற்குள் அந்த ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டான். இறங்கும்வரை பிரேக்கில் குதித்துக்கொண்டே வருகிறான். கிளட்சை இப்படியா விடுவாய், கியர் பெட்டி கழன்று கையில் வந்துவிடும் என்று பின்னாலிருந்து சொன்னேன். "நீங்க வேணா வந்து ஓட்டுங்கம்மா" என்றான். "ஓட்டலாம்னு டாக்டர் கையெழுத்துப் போடட்டும், வரேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. என் நிறுத்தத்தில் மட்டும் அலுங்காமல் நிறுத்தினான்.

வீட்டுக்கு வந்தால் இவர் பள்ளியிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஒன்றாம் வகுப்புக்குக் காகிதத் தொப்பி வெட்டிக்கொண்டிருக்கிறார். குளியலறையில் குழாய் சொட்டுகிறது. இங்கே வரைக்கும் கேட்கிறது, பக்கத்திலிருக்கிற மனிதருக்குக் கேட்கவில்லை. ஒரு குழாயை ஒழுங்காக மூடத் தெரியாதா? போய் மூடிவிட்டு வந்து, அப்புறம் இருக்கிறது அவருக்கு.