ஜூம் இல்லாத லென்ஸ்

நேற்று உன் லென்ஸை வாங்க விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். விலை பேசினோம். கொடுக்கவில்லை.

விற்க எடுத்து வைத்த சரக்கைத் திரும்ப உள்ளே வைக்கிற ஆள் நான் இல்லை. உனக்கே தெரியும். திண்டிவனத்தில் முப்பது வருடமாகச் சாக்கு வியாபாரம். நெல்லுக்கும் மல்லாட்டைக் கடலைக்கும் சாக்கு கொடுத்து, கிழிந்ததைத் தைத்து இரண்டாம் தரமாக விற்று ஆளானவன். சும்மா கிடக்கிற சரக்கு கெட்டுப்போகும் என்பது ஒன்றுதான் நான் படித்த படிப்பு. போன வாரம் பீரோவில், உன் புடவைகளுக்கு அடியில் எட்டு மாதமாகக் கிடந்த கேமரா பையைத் திறந்தேன். குப்பென்று ஸ்பிரிட் வாசனை. பக்கப் பையில் ஒரு சின்ன பாட்டிலும் பஞ்சுச் சுருளும் வைத்திருந்தாய். ஊசி போடும் முன் குழந்தைகளின் தொடையைத் துடைக்கிற அதே பஞ்சால்தான் கேமராவின் பிடியையும் துடைப்பாய். பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

விழுப்புரத்தில் நமக்குக் கேமரா கொடுத்த ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். காற்று படாமல் வைத்தால் லென்ஸுக்கு உள்ளே பூஞ்சை நூல் நூலாகப் படரும் என்றார். ஈரச் சாக்கில் பூஞ்சை பிடித்தால் அது என்ன கதி ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கெட்டுப்போவதற்கு முன்னால் எடுக்கிறவர் கைக்குப் போகட்டும் என்று ஆள் பார்க்கச் சொன்னேன். அப்படி வந்தவர்தான் நேற்று வந்தவர்.

அந்த லென்ஸை வாங்கிய நாளை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. நீ கிராம செவிலியர். கூட்டேரிப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருத் தெருவாக நடந்து ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, போகிற வழியில் பார்த்ததையெல்லாம் போனில் படம் எடுப்பாய். ஒருநாள் உன்னை அழைத்துப் போக வந்தபோது, நடுரோட்டில் நின்றுகொண்டு ஒரு படத்தை அழித்துவிட்டு இன்னொன்று எடுத்தாய். போனில் இடமில்லை என்றாய். இருக்கிறதை அழித்துத்தான் புதியது வாங்க முடியும் என்றால் அது என்ன வியாபாரம் என்று எனக்குக் கோபம். அடுத்த வாரமே உன்னை விழுப்புரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கல்யாணங்களுக்கு ஓடி ஓய்ந்த ஒரு பழைய கேமரா நல்ல நிலையில் கிடைத்தது. லென்ஸ் விஷயத்தில்தான் வம்பு வந்தது. என் முன்னங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸை எடுத்துக் காட்டினார் ஸ்டுடியோக்காரர். அதன் வழியே பார்த்தால், கடைக்குப் பின்னால் ஏரியின் அந்தக் கரையில் நிற்கும் கொக்கின் கண் தெரிந்தது. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். நீயோ கண்ணாடி அலமாரியின் மூலையில், ஒரு மூடி மாதிரி உட்கார்ந்திருந்ததைக் காட்டினாய்.

"அதுல ஜூம் இல்ல மேடம். கிட்ட போனாத்தான் பெருசா தெரியும்," என்றார் அவர்.

"தூரமா நின்னுக்கினு ஊசி போட முடியுமாங்க?" என்றாய்.

அவர் ஜூமை ஓரமாக வைத்தார். ஜூம் இல்லாததிலேயே நான்கு வகை வைத்திருந்தார். நான்கையும் ஒன்றன் பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு நீ கடை வாசலுக்குப் போய் எடுத்துப் பார்த்தாய். நான் சாக்கு தரம் பிரிக்கும்போதுகூட அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. எண்ணைச் சொல்லித்தான் லென்ஸுக்குப் பேர், எண் குறையக் குறைய அகலமாகப் பார்க்குமாம். ஐம்பது என்று ஒன்று. அதுதான் எல்லாரும் வாங்குவது, விலையும் குறைவு, முகம் அழகாக வரும், பின்னால் இருப்பது கரைந்துபோகும் என்றார். பூ விற்கிற அம்மாவையும் அவர் கூடையையும் சேர்த்து எடுக்கப் பின்னால் நகர்ந்தாய், நகர்ந்தாய், நிறுத்தியிருந்த பைக்கில் போய் இடித்தாய். "நம்மூரு தெருவுல இவ்ளோ பின்னால போக இடம் ஏது?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாய். முப்பத்தைந்து அதற்குப் பரவாயில்லை, ஆனால் கூடை பாதிதான் வந்தது. இருபத்துநான்கில் தெருவே உள்ளே வந்தது, ஆனால் ஓரத்தில் நின்ற ஸ்டுடியோக்காரரின் முகம் பூசணிக்காயாக இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்து அவரே சிரித்தார். கடைசியாக இருபத்தெட்டு. அம்மா, கூடை, பின்னால் பஸ்ஸுக்கு நிற்கிற நான்கு பேர், எல்லாரும் அவரவர் முகத்தோடு இருந்தார்கள்.

"இதான். என் போனு பாக்கற மாதிரியே பாக்குது. என் கண்ணு இந்த அளவுக்குப் பழகிடுச்சி," என்றாய்.

விலையைக் கேட்டு நான் லென்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தேன். "இவ்ளோ துட்டுக்கு இத்தினியூண்டா? கொஞ்சமாச்சும் கனம் வேணாமா?" என்றேன்.

"அண்ணே, இத எடை போட்டு விக்கறதில்ல," என்றார் ஸ்டுடியோக்காரர்.

எனக்கு ஜூமின் மேல்தான் கண். பெரிய லென்ஸையும் சேர்த்து வாங்கிவிடுகிறேன் என்றேன். அப்போது நீ சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அது வேணாங்க. அதுக்குப் பதிலா ஒண்ணு குடுங்க. எல்லா ஞாயித்துக்கிழமையும் காலைல ஆறுலேர்ந்து ஒம்போது வரைக்கும் என்கூட நடங்க. போன வீட்ல வச்சிட்டு வாங்க."

நான் என்ன செய்தேன்? என் புத்தி எங்கே போகும்? பேரம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் லோடு வரும் என்றேன், போன் இல்லாமல் எப்படி என்றேன். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, போன் சைலண்டில் என் சட்டைப் பையிலேயே இருக்கும் என்று முடித்தேன். "சரி போங்க, உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா," என்று சிரித்தாய். "பொண்டாட்டிகிட்டயுமா அண்ணே?" என்றார் அவர். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நீ எடுத்த படங்களைப் பற்றி என்ன எழுதுவது? திருவாமாத்தூரில் கோயில் வாசலில், நான் காசு கொடுத்துச் செருப்பு விடுகிற நேரத்துக்குள், யாரென்றே தெரியாத நான்கு பெண்களின் நடுவில் நீ உட்கார்ந்திருப்பாய். கேமரா அவர்கள் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும். ஒருவரும் விறைப்பதில்லை. பேச்சு நிற்பதில்லை. என்னைப் பார்த்தால் சரக்குக்காரன் என்று பேச்சைக் குறைத்துக்கொள்கிற ஜனம், உன்னிடம் மட்டும் எதையும் மூடவில்லை. முன்னால் ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள், படத்தின் ஓரத்தில் இன்னொருத்தி தன் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பாள். எதையும் நீ தள்ளிவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் குடோனுக்கே வந்தாய். சாக்கு தைக்கிற பெண்கள் ஆறு பேர். கொடியில் தரம் பார்க்காத பழைய சாக்குகள் தொங்கின. வாழ்நாள் முழுதும் சாக்கை வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை எண்ணுகிறவன் நான். ஓட்டை என்றால் எனக்குத் தரம் குறைவு. உன் படத்தில் அந்த ஓட்டைகள் வழியாக இறங்கிய வெயில், ஆறு பெண்களின் தோளிலும் தலையிலும் கையிலிருந்த கோணி ஊசியிலும் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. முப்பது வருடமாக அந்த வெளிச்சம் அங்கேதான் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்க்க ஒருத்தி வர வேண்டியிருந்தது.

பனமலைக் கோயிலுக்குப் போனது நம் கடைசி ஞாயிறு என்று அன்று நமக்குத் தெரியாது. விடிந்த கையோடு படியேறினோம். சுவரில் பழைய ஓவியம் இருக்கிற அந்தச் சின்ன அறைக்குள், ஃபிளாஷ் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, காவலாளி விட்டார். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் இடம். தலைக்கு மேல் குடையோடு, ஒரு காலை மடித்துச் சுவரில் சாய்ந்து நிற்கிற அம்மனைப் பார்த்ததும் நான் கைகூப்பினேன். நீ மூலையில் முதுகு உரசக் குந்திக்கொண்டு எடுத்தாய். ஐம்பதை வாங்கியிருந்தால் அவள் முகம் மட்டும்தான் வந்திருக்கும். இதில் அவள் முழுதாக வந்தாள், அவள் பார்க்கிற அடுத்த சுவரும் வந்தது. அதில் சிவன் ஆடுகிறார் என்றாய். நான் உற்றுப் பார்த்தேன். காரை உதிர்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோடுகள்.

"அழிஞ்சி போச்சே. அப்புறம் எதப் பாத்துக்கினு நிக்கிறா?" என்றேன்.

"அவளுக்குத் தெரியுதே," என்றாய்.

வெளியே வந்ததும் கேமராவை என் கையில் கொடுத்தாய். உன்னை எடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் போட்டோ என்றால் தலையிலிருந்து கால்வரை வர வேண்டும், கோபுரமும் வர வேண்டும். பாறைமேல் பின்னால் பின்னால் போனேன். காலை வெயில் என் முதுகில். ஒன்று எடுத்தேன். நீ ஏதோ சொன்னாய். காதில் விழாமல் இன்னா என்றேன்.

"கிட்ட வாங்க. இன்னும் கிட்ட வாங்க," என்றாய்.

இரண்டு எட்டு வைத்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சாக்கு ஏற்றி வந்த லாரி மயிலத்துக்குப் பக்கத்தில் பழுதாகி நின்றுவிட்டதாம். பேசி முடித்துத் திரும்பினால் நீ படியிறங்கிக்கொண்டிருந்தாய். கோபமெல்லாம் இல்லை. கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, லாரிக்கு என்ன ஆச்சு என்று கேட்டாய்.

ஏழு வாரம் கழித்து, வேலைக்குப் போன ஊரில் மயங்கி விழுந்தாய். மூன்று நாளில் முடிந்தது. மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். ஊரிலுள்ள முகத்தையெல்லாம் எடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு முகம் இல்லை. பனமலையில் நான் எடுத்த அந்த ஒன்றுதான். அதில் நீ கட்டைவிரல் அளவு. ஸ்டுடியோக்காரர் எவ்வளவோ வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தார், முகம் பொடிப் பொடியாக உடைந்தது. கடைசியில் உன் ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட இன்றுவரை எனக்கு முடியவில்லை. கிட்ட வா என்று கூப்பிட்டவளை நான் கிட்டப் போய் எடுக்கவில்லை. எட்டு மாதமும் இது ஒன்றுதான் என்னைத் தின்றது. பூஞ்சை என்றதெல்லாம் சாக்கு. அந்தப் பை கண்ணில் படக் கூடாது என்றுதான் விற்கப் பார்த்தேன்.

வந்தவர் விவரமானவர். நில அளவைத் துறையில் வேலையாம். வைடு லென்ஸ் என்றால் ஓரங்களில்தான் கோளாறு இருக்கும் என்று, கார்டிலிருந்த படங்களை லேப்டாப்பில் போட்டு நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சாக்கின் நடுவைத் தொடாமல் தையலை மட்டும் பார்க்கிற ஆள் மாதிரி. எனக்குப் பிடித்துப் போனது. பனமலைப் படம் வந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சார், கீழ் ஓரத்துல ஒரு நிழல் வருது. யாருது?" என்றார்.

பார்த்தேன். உன் முகத்துக்காக ஸ்டுடியோவில் வெட்டி எறிந்த பகுதி அது. நான் ஒருநாளும் முழுப் படத்தை உற்றுப் பார்த்ததே இல்லை. படத்தின் அடியிலிருந்து என் நிழல் பாறைமேல் நீளமாக ஏறிப் போகிறது. இரண்டு முழங்கையும் விரிந்து, கேமராவைக் கண்ணில் வைத்தபடி. அதன் தலை உன் காலுக்கு ஒரு முழம் முன்னால் போய் நிற்கிறது. உன் வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நீ கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

"என்னுது," என்றேன்.

"அப்ப ரெண்டு பேருமே இருக்கீங்க," என்றார் அவர், பெரிய விஷயம் ஒன்றும் சொல்லாத மாதிரி. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

முகம் மட்டும் போதும் என்கிற லென்ஸாக இருந்தால் அந்த நிழல் வெளியே நின்றிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு நாம் சேர்ந்து நின்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை என்று எண்ணியிருந்தேன். இருந்திருக்கிறது. ஓரத்தில் இருந்திருக்கிறது. இல்லை என்று நினைத்ததையும் நீ வாங்கிய அந்த மூடி லென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

கொடுப்பதில்லை என்றேன். அவர் விலையை ஏற்றினார். மறுபடி ஏற்றினார். நல்ல விலைதான். டீ வாங்கிக் கொடுத்து, வந்துபோன பஸ் செலவையும் கையில் வைத்து அனுப்பினேன். போகும்போது, "பேஜாரு பண்ணிட்டீங்க சார்," என்று சிரித்துக்கொண்டே போனார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கேமராவை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. கேப்பைக் கூழ் விற்கிற அம்மாவைப் பார்த்ததும் நின்றேன். நின்ற இடத்திலிருந்தே எடுக்கப் பார்த்தேன், அந்தம்மா தூரத்தில் ஒரு புள்ளி. ஒரு எட்டு, இன்னொரு எட்டு. அப்போதுதான் இறக்கிய கூழ் சட்டியின் ஆவி கண்ணாடியில் படிகிற தூரத்துக்குப் போனேன்.

"இன்னாங்க இது, மேலயே வந்து ஏறுவீங்க போல. நர்சம்மா வூட்டுக்காரர்தானே நீங்க?" என்றார்.

ஆமாம் என்றேன். அந்தம்மா கூழ் ஊற்றுவதை நிறுத்தவில்லை. உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் எடுத்தேன். படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஆனாலும் சட்டியும் கரண்டியும் பேசுகிற வாயும் உள்ளே இருக்கின்றன. உன் பஞ்சாலேயே கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அன்று கடையில் உன்னிடம் அடித்துக் குறைத்த பேரம் இருக்கிறதே, அதை நான் ரத்து செய்துவிட்டேன். நீ முதலில் சொன்னதற்கே முடித்துக்கொள்கிறேன். ஒரு பைசா குறைக்கவில்லை: எல்லா ஞாயிற்றுக்கிழமையும், காலை ஆறு முதல் ஒன்பது வரை, போன் வீட்டில்.