பேட்டரிக்குப் பொட்டு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

மாட்டுங்கா கல்யாணத்துக்குப் போகும்போது பட்டுச்சேலையோடு உன்னைத் தள்ள வைத்த நம்ம குட்டிக் காரை, கடைக்கு லீவு விட்டு நம்ம சந்திலேயே சரிபண்ணிவிட்டேன். "அந்த டப்பாவை வித்தாத்தான் வருவேன்"னு நீ செம்பூரில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாயே, அதனால் எழுதுகிறேன்.

மெக்கானிக் புது பேட்டரி போடச் சொன்னான். விற்கிறவன் பேச்சு எனக்குத் தெரியாதா? டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியிலிருக்கும் பேட்டரியைப் பார்த்தேன். சார்ஜ் ஏறும் வயர் பேட்டரியோடு சேரும் இடுக்கில் ஆயுத பூஜைச் சந்தனம் இறங்கி, காய்ந்து, பச்சைக் களிம்பு பிடித்துக் கிடக்கிறது! சுரண்டித் துடைத்து இறுக்கினேன். இப்போ நல்லா சார்ஜ் ஏறுது.

யார் அப்பியது என்று கேட்க மாட்டேன். காரை விற்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கீழே ஹாரன் அடிப்பேன், இறங்கி வா. அடுத்த பூஜைக்கும் நீயே பொட்டு வை, கண்ணாடியோடு நிறுத்திக்கோ.

இப்படிக்கு,
உன் டிரைவர்