கப்பல் சனங்க நாள் பூரா என்ன பண்றாங்கன்னு கேட்டீங்களே

எங்கே இருந்தாலும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கும் என் மாமாவுக்கு,

முதலில் ஒரு சேதி. நான் கப்பலில் ஏறிவிட்டேன். ஏறி, ஊரெல்லாம் சுற்றி, பத்திரமாக இறங்கியும் வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

உங்கள் படகில் ஒரு நாள்கூட என் காலை வைக்க விட்டதில்லை. பொம்பளை ஏறினால் படகுக்கு ஆகாது என்று தேவனாம்பட்டினமே சொன்னது, நீங்களும் சேர்ந்து சொன்னீர்கள். கரையில் சும்மா கிடக்கும் படகின் மேல் கொஞ்சம் சாய்ந்தால்கூட "எட்ட நில்லு வசந்தா" என்பீர்கள். அப்படி எட்ட நின்றவள்தான் இப்போது சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, கொழும்பு, திருகோணமலை என்று பார்த்துவிட்டு சென்னையில் வந்து இறங்கியிருக்கிறேன். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாம் உங்கள் மகள் மலரின் வேலை. ஆஸ்பத்திரியில் லீவைச் சேர்த்து வைத்து, எனக்குப் பாஸ்போர்ட் எடுத்து, முட்டிவலிக்கு மாத்திரை வாங்கி, ஆறு மாதமாகத் திட்டம் போட்டிருக்கிறாள். இவ்வளவு இடம் இருக்க ஏண்டி கப்பல் என்று கேட்டேன். "அப்பா கையாட்டுன கப்பல்ல ஒரு தடவ ஏறிப் பாத்துடணும்மா" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

உங்களுக்கு நினைவிருக்கும். கடலில் என்ன பார்த்தீர்கள் என்று எப்போது கேட்டாலும் "தண்ணிதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். மலர் சின்னவளாக இருந்தபோது அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொல்வீர்கள். பெரிய வெள்ளைக் கப்பல் ஒன்று போனது, நாங்கள் துண்டை எடுத்து ஆட்டினோம், மேலே நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கையாட்டினார்கள் என்று. அவள் குதிப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு, "இன்னைக்குக் கப்பல் வந்துச்சாப்பா, கையாட்டுனாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு நீங்கள் என் பக்கம் திரும்பி, "வலையும் இல்ல, தூண்டியும் இல்ல. அந்தக் கப்பல் சனங்க நாள் பூரா என்னாதான் பண்ணுவாங்க வசந்தா?" என்பீர்கள். பால்வாடி டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு. நான் என்ன கண்டேன்.

இப்போது கண்டேன், மாமா. கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிடுகிறார்கள். அதுதான் முக்கால்வாசி. காலையில் சாப்பிட்டு முடித்து வாய் துடைப்பதற்குள் பத்து மணிப் பலகாரம் வந்துவிடுகிறது. மீன் உண்டு, ஆனால் எந்த மீனுக்கும் தலை கிடையாது, முள் கிடையாது, தோல்கூடக் கிடையாது. சோப்புக் கட்டி மாதிரி தட்டில் வைத்துத் தருகிறார்கள். அது என்ன மீன் என்று தெரிந்துகொள்ள முகர்ந்து பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்களாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு, தலை எங்கே என்று கேட்டிருப்பீர்கள்.

சாப்பாடு முடிந்தால் படுக்கிறார்கள். மேல் தளத்தில் வரிசையாகக் கட்டில் நாற்காலி போட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு, காலையில் ஒரு பக்கம், மதியம் மறுபக்கம். நம்ம கரையில் கருவாடு காயப்போட்ட மாதிரியே இருக்கிறது, காக்கா ஓட்டத்தான் ஆள் இல்லை. சுற்றிலும் இவ்வளவு கடல் இருக்க, கப்பலுக்கு நடுவே ஒரு தொட்டி கட்டி, அதில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் இறங்கி நிற்கிறார்கள். இதற்கு எனக்கு இன்னும் காரணம் புரியவில்லை.

முதல் நாளே எல்லாரையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் எங்கே நிற்க வேண்டும், மிதக்கும் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று பாடம் எடுத்தார்கள். அரசாங்கம் கொடுத்த அதே மாதிரிச் சட்டையை நீங்கள் தலைக்கு வைத்துப் படுத்தது ஞாபகம் வந்தது. வாத்தியார் மாதிரி நின்ற அந்த அதிகாரியிடம் இதைச் சொல்லலாமா என்று வாய் துறுதுறுத்தது. மலர் காலை மிதித்தாள்.

நடக்கவும் செய்கிறார்கள். கப்பலைச் சுற்றி ஒரு பாதை இருக்கிறது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்குப் போனால் நாலு தேர் வீதியையும் சுற்றாமல் திரும்பமாட்டோமே, அந்தப் பழக்கத்தில் நானும் வலமாகச் சுற்ற ஆரம்பித்தேன். பார்த்தால் மொத்தக் கப்பலும் இடமாகச் சுற்றுகிறது. அம்புக்குறி வேறு போட்டிருக்கிறதாம், நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் எப்படி மாமா இடமாகச் சுற்றுவது? சாவுக்குச் சுற்றுகிற மாதிரி! ஆகவே நான் வலமாகவே போனேன், எதிரே வந்த அத்தனை பேரும் ஒவ்வொரு சுற்றிலும் எனக்குக் குட் மார்னிங் சொன்னார்கள். இரண்டு மூன்று நாளில் கப்பலிலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த ஆள் நான்தான்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் யூசுப். நம்ம பரங்கிப்பேட்டைக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர், ஊருக்கு வருடத்தில் ஒருமுறைதான் போகிறாராம். தமிழ் பேசக் கேட்டதும் எனக்குப் பாதி வீடு வந்த மாதிரி இருந்தது. ஆனால் மனுஷன் தினமும் காலையில் நான் கதவைத் திறந்து கால் வைக்கும்போது சரியாக எதிரே நின்று, "எங்கம்மா கெளம்பிட்டீங்க?" என்பார். நான் என்ன செய்வேன்? திரும்பி உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கிளம்புவேன். ஒருநாள் தாங்காமல் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, நான் எதாச்சும் தப்பாப் பேசிட்டேனா? என்னப் பாத்தாலே உள்ள போயிடுறீங்க."

"தப்பெல்லாம் இல்லப்பா. கடலுக்குக் கெளம்புறவுங்கள எங்க போறன்னு கேட்டா எங்களுக்கு ஆவாது."

"கடலுக்கா? டீ குடிக்கத்தானம்மா போறீங்க?"

"சுத்தி என்னா இருக்குது, நீயே பாரு."

அவர் சன்னல் வழியாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் சிரிக்காமல் யோசித்தார், பிறகு சிரித்தார். மறுநாளிலிருந்து "சாப்ட்டீங்களாம்மா" என்று மாற்றிக்கொண்டார். நல்ல மனிதர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முப்பது வருடத்துக்கு மேல் நீங்கள் கிளம்பும்போது ஒரு வார்த்தை கேட்டதில்லை நான். கேட்கக் கூடாது என்பதால் கேட்கவில்லை. திரும்பி வந்து "தண்ணிதான்" என்றீர்கள், அதையும் நம்பினேன். அதனால்தான் கப்பலில் ஏறியதிலிருந்து எனக்குள் ஒரே ஒரு ஆசை ஓடிக்கொண்டிருந்தது. நம்ம ஊருக்கு நேரே போகும்போது நம்ம படகு ஒன்றைப் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கையாட்டிய அந்தச் சனங்கள் நின்ற இடத்தில் நின்று, நானும் ஒருமுறை கையாட்டிவிட வேண்டும். உங்கள் நீலக்கட்டம் போட்ட துண்டை அதற்காகவே பையில் வைத்து எடுத்துப் போயிருந்தேன்.

திருகோணமலையில் கப்பல் கிளம்பிய சாயங்காலம் யூசுப் சொன்னார், "காலைல நம்மூருக்கு நேராப் போவும்மா. ஆனா கர தெரியாது. சிதம்பரம் கோபுரமெல்லாம் தெரியுமான்னு கேக்காதீங்க, ரொம்ப வெளிய போறோம்." கோபுரத்துக்கு நான் ஆசைப்படவில்லை. படகு வந்தால் போதும் என்றேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

காலையில் மலரும் நானும் நேரத்தோடே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டோம். வெயில் ஏறியது. நீங்கள் சொன்னது சரிதான், தண்ணிதான். காபி ஆறியது. வெறுத்துப்போய்க் கிளம்பலாம் என்று நினைத்தபோது மலர் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஒரு ஃபைபர் படகு. எவ்வளவு சின்னது, மாமா. கரையில் நிற்கும்போது அது நம் வீட்டைவிட நீளமாக அல்லவா இருந்தது? அதில் இரண்டு பேர். ஒருவர் குனிந்து மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் முன்னால் ஏறி நின்று, சிவப்புத் துணி ஒன்றைக் கம்பில் கட்டி, எங்களைப் பார்த்து ஆட்டினார்.

காயப்போட்டிருந்த சனமெல்லாம் எழுந்து ஓடிவந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். கையை ஆட்டுகிறார்கள், தொப்பியை ஆட்டுகிறார்கள், போன் எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். மலர் துப்பட்டாவை எடுத்து வீசினாள். "அம்மா, அப்பா சொன்ன மாதிரியே ஆட்டுறாரு பாரும்மா" என்றாள். அவள் குரல் அந்தப் பழைய சின்னப்பிள்ளைக் குரலாகவே இருந்தது. நானும் உங்கள் துண்டை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

ஆட்டிக்கொண்டே இருந்தபோதுதான் பார்த்தேன். அந்த ஆளின் துணி இரண்டு பக்கமும் போகவில்லை. ஒரே பக்கம் வீசுகிறார், இறக்குகிறார், மறுபடி அதே பக்கம் வீசுகிறார்.

அது எனக்குத் தெரியாதா, மாமா? அலை புரளும் நாளில் படகு கரைக்கு வரும்போது, இங்கே வராதே, அந்தப் பக்கம் ஒதுங்கு என்று நாங்கள் கரையிலிருந்து அப்படித்தானே துண்டை வீசுவோம். துண்டு இல்லாவிட்டால் முந்தானையை வீசுவோம். உங்களுக்காக எத்தனை முறை வீசியிருப்பேன். படகுக்கு அந்தண்டை பார்த்தேன். தண்ணீர் மேல் கறுப்புக் கொடி ஒன்று, அதற்குத் தள்ளி இன்னொன்று, அதற்குத் தள்ளி இன்னொன்று. வலை கிடக்கிறது. கப்பல் அதற்கு நேராகப் போய்க்கொண்டிருக்கிறது.

மலரின் கையைப் பிடித்து இறக்கினேன்.

"ஆட்டாத. அவுரு கையாட்டல. ஒதுங்கிப் போன்னு சொல்றாரு. வல கெடக்குது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். சற்றுத் தள்ளி நின்ற சீருடைக்காரர் ஒருவரிடம் இங்கிலீஷில் படபடவென்று பேசினாள், அவர் கையிலிருந்த வயர்லெஸில் பேசினார். என்னால் கம்பியை விட முடியவில்லை. என்னைச் சுற்றி எல்லாரும் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கப்பல் திரும்பியது, பின்னால் வந்த வெள்ளை நுரை மெல்ல வளைந்தது. நாங்கள் சொன்னதாலா, மேலே ஓட்டுகிறவர்கள் முன்பே பார்த்துவிட்டார்களா, தெரியவில்லை. கொடிகள் ஒவ்வொன்றாக ஓரமாக நழுவிப் பின்னால் போயின. கப்பல் கிளப்பிய அலையில் படகு எம்பி எம்பி விழுந்தது. அந்த ஆள் கம்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மலர் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அப்பாவும் இதுக்குத்தான் ஆட்டுனாராம்மா?"

"ஆமா."

"அப்பறம் ஏம்மா எங்கிட்ட அப்புடிச் சொன்னாரு?"

"நீ சிரிச்ச இல்ல. அதுக்குத்தான்."

அவளுக்குச் சொல்லிவிட்டேன். எனக்கு யார் சொல்வது? ஒரு மழைக்காலம் முடிந்து வலை பாதியாக வந்ததே, "சொறா கிழிச்சிடுச்சு" என்றீர்களே. கத்தியால் அறுத்த மாதிரி நேராக இருந்த கிழிசலை, சுறாவைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்து பின்னினேனே. எந்தக் கப்பல், மாமா? அன்றைக்கு எவ்வளவு கிட்டே வந்தது? நீங்கள் எழுந்து நின்று துண்டை வீசியபோது மேலே எத்தனை பேர் சிரித்தார்கள்? வீட்டுக்கு வந்து அதை ஒரு குழந்தைக்கு வேடிக்கைக் கதையாக மாற்றிச் சொல்ல, வழியில் எவ்வளவு நேரம் யோசித்தீர்கள்? உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. இருந்திருந்தால் இரண்டு நாள் பேசியிருக்கமாட்டேன். பிறகு நானே வந்து குழம்பு ஊற்றியிருப்பேன்.

கப்பல் சனங்கள் நாள் பூரா என்ன பண்ணுவார்கள் என்று கேட்டீர்கள். கையாட்டுகிறார்கள், மாமா. கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அதற்கு மேல் தெரியாது. கொஞ்ச நேரம் நானும் அவர்களோடு நின்று ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

சென்னையில் இறங்கும்போது யூசுப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தார். "போய்ட்டு வாங்கம்மா" என்றார், எங்கே என்று கேட்கவில்லை. உங்கள் துண்டை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். கடலூர்க் காற்றில் ஆடுகிறது, இரண்டு பக்கமும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். என் படகும் ஒருநாள் உங்கள் கரைக்கு வரும். நீங்கள் அங்கே நின்று துண்டை எந்தப் பக்கம் வீசுகிறீர்களோ, அந்தப் பக்கம் ஒதுங்கி வந்து சேர்வேன். சிரித்துக்கொண்டு கையாட்டி நிற்கமாட்டேன். வந்ததும் கேட்பேன், "தண்ணிதான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எட்ட நின்றது போதும் என்று நினைக்கும்
உங்கள் பெண்டாட்டி,
வசந்தா