சிலை மேல் மூடிய துணி

ஆளுநர் அவர்களுக்கு,

பதவியை விட்டுப் பத்து வருடமானாலும் உன்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும், அது நம் மாநில வழக்கம். தம்பி என்று எழுத எனக்கும் கை வரவில்லை.

தலைநகரில் உனக்கு வெண்கலச் சிலை வைக்கிறார்களாம். மூடியிருக்கும் துணியை நான்தான் விலக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மர ஆலைகளில் செத்தவர்களின் விதவைகளுக்கு நியாயம் தேடித் தந்தவன் என்று பத்திரிகைகள் வேறு உன்னைப் புகழ்கின்றன.

ஆலை ரம்பத்தில் சிக்கி என் கணவர் செத்து, நான் ஆலை மேல் வழக்குப் போட்டபோது நீ ஆலையின் வக்கீல். கூண்டில் நின்ற என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாய்.

"திருமதி லிண்டால், கவனிக்காம ரம்பத்த ஓட்டிவிட்டவரும் உங்க புருஷனும் ஒரே முதலாளிகிட்டதான வேலை பாத்தாங்க?"

"ஆமா," என்றேன். அதோடு வழக்கு முடிந்தது. கூட வேலை செய்பவன் தவறால் ஒருவன் செத்தால் முதலாளி பொறுப்பில்லை என்பது அன்றைய சட்டம். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சட்டம் அப்படி இருக்குக்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்றாய். உள்ளே திருமதி, வெளியே அக்கா. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பன்றித் தொடைக்கறியை நாய்க்குப் போட்டேன்.

தேர்தலில் ஜெயித்து ஆளுநராகி அந்தச் சட்டத்தை மாற்ற உனக்குப் பதினான்கு வருடம் பிடித்தது. சரி. அந்த வழக்கை எடுக்கமாட்டேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதுமே.

துணியை விலக்க வேறு ஆளைப் பார். ஆலை முற்றத்தில் அவர் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தவள் நான். ஆயுசுக்கும் அது போதும்.

இப்படிக்கு,
நீ குறுக்கு விசாரணை செய்த சாட்சி