பாதிக் குளிசை

மாமா,

காரை விற்பதற்காக இன்று துப்புரவாக்கினேன். நீங்கள் உட்காரும் பக்கத்து இருக்கைக்கு அடியில் பிரஷருக்குப் போடும் பாதிக் குளிசை ஒன்று கிடந்தது. பிளேடால் நேராக வெட்டியது. உங்கள் வெட்டுத்தான்.

நீங்கள் இந்த நாட்டுக்கு, என்னைக் கட்டிய உங்கள் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வந்தவர். நான்தான் மறித்தேன். பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பம் போட்டால் போதும், அரசாங்கச் செலவில் வைத்தியம் பார்க்கிற மெடிகெயார் காட் தானாக வரும் என்றேன். நான் வேலை விசாவில் விண்ணப்பித்துக் காத்திருந்தபோது எனக்கு வந்தது. அந்த ஒரு அனுபவத்தோடு நான் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவனாகிவிட்டேன்.

பரமட்டா மெடிகெயார் அலுவலகத்தில் இருந்த பெடியன் திரையைப் பார்த்துவிட்டு, பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் காட் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னான். வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு நோய் வரலாம், தலைநரைத்தவர்களுக்கு வரக்கூடாது. இதை எழுதிய மேதாவிக்குத் தாய் தகப்பன் இருந்திருக்க மாட்டார்கள். பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டி வந்து, குடும்பம்தான் உங்கள் பலம் என்று எங்களுக்கே பாடம் எடுத்த அரசியல்வாதியும் அந்தச் சட்டத்தை எழுதிய ஆட்களில் ஒருவர்தான். நாங்களும் வெட்கமில்லாமல் அவருக்கு மாலை போட்டோம்.

நீங்கள் பெடியனுக்கு நன்றி சொல்லிவிட்டு என்னிடம் கேட்டீர்கள்.

"என்னவாம் தம்பி?"

"கொஞ்சக் காலம் எடுக்குமாம், மாமா."

என் கெட்டித்தனம் கெட்டுவிடும் என்ற பயம். அவ்வளவுதான் அந்தப் பொய்க்குக் காரணம்.

அதன் பிறகு தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களின் சூட்கேசில், முறுக்குப் பைகளுக்கு நடுவே, உங்கள் பிரஷர் குளிசைகள் வந்தன. காட் வரும்வரை போதவேண்டும் என்று அவற்றைப் பாதியாக்கினீர்கள். கண்டும் பேசாமல் இருந்தேன். காசு கட்டி டொக்டரைப் பார்ப்போம் என்று மகள் கெஞ்சியபோது, "வீண் செலவேன் பிள்ளை? காட் வரட்டும், பிறகு போவம்" என்றீர்கள். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

வென்ட்வேர்த்வில் கடை வாசலில் தலை வலிக்கிறது என்று சொல்லி விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் பெயருக்கு அடுத்ததாகக் கேட்டது மெடிகெயார் இலக்கம். செத்த வீட்டில், படுக்கையில் கிடக்காமல் போனது கொடுப்பினை என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அந்தச் சட்டத்தைக் காறித் துப்ப எனக்கு வாய் இருக்கிறது. இல்லை என்ற ஒரு சொல்லை உங்களிடம் சொல்லத்தான் இருக்கவில்லை. நான் மறைத்தது உங்கள் மகளுக்கு இன்னும் தெரியாது.

பாதிக் குளிசையை எறியவில்லை, மாமா. பேர்சில், என் மெடிகெயார் காட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.