இருபதுக்கு ஒன்று வாங்கிப் பாஸான கதை

சைகோன்
14.3.2012

என் அருமை மகள் பரிதாவுக்கு உன் வாப்பா நத்தர்ஷா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் உம்மாவும் சாப்பாடு குறையாமல், சண்டையும் குறையாமல் சுகமாக இருக்கிறோம், காரைக்காலில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி நூர் நிஷாவும் அதேபோல் இருக்க துஆ செய்கிறோம். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே மகளே, ஒவ்வொரு எழுத்தும் இந்த ஊர் மோட்டார் சைக்கிள் மாதிரி பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு போகிறது, நேராக நில் என்றால் நிற்பதில்லை. இதுவரை எழுதியதற்கே ஒரு காலை நேரம் முழுக்கப் போய்விட்டது. போன வருஷம் வரை கைநாட்டு வைத்தவன் எழுதுகிறேன் என்று பொறுத்துக்கொள்.

நான் எழுதப் படித்ததே காதால்தான் என்பது உனக்குத் தெரியும். காது அடைத்துப் போனதும் உன் உம்மா தமிழில் கத்தினாள், அது கேட்கவில்லை என்று வியட்நாம் பாஷையிலும் கத்தினாள், கடைசியில் எனக்கு வயிறு இளகவில்லை என்ற சேதி சந்து முழுக்கப் பரவி எதிர்வீட்டுக்காரி பப்பாளிப் பழம் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் உம்மா சிலேட்டு வாங்கி அ, ஆ சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். இப்போது அவள் எழுதுவதையெல்லாம் வாசித்துவிடுகிறேன், காதில் விழவில்லை என்று தப்பிக்க வழியில்லை. ஆனால் ஒரு பொய்யை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். போன பெருநாளுக்கு நீ போனை நூர் நிஷா வாயில் வைத்துப் பேசவைத்தாயே, நானும் மாஷா அல்லாஹ், என்ன குரல் என்றேனே, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை மகளே. மூன்று வயதுப் பேத்தியின் குரலை இன்றுவரை நான் கேட்டதில்லை. அதற்காகத்தான், காதுக்குள் கம்பி வைத்துக் கேட்கவைக்கிற ஆபரேஷனுக்கு ஆகுமா என்று பார்க்க இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் மாமனாருக்கும் காது மந்தம் என்று எழுதியிருந்தாயே, அவரும் ஒருநாள் போக நேரலாம், ஆகவே நடந்ததை விடாமல் எழுதுகிறேன், அவருக்கு வாசித்துக் காட்டு.

முதல் நாள் சோதனை என்று சொன்னதும் நான் பரீட்சை என்றே நினைத்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் முதல் பரீட்சை! பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் நம் தாஜுதீன், நல்ல மார்க் வாங்கினாத்தான் மெஷின் குடுப்பாங்க அண்ணே, விட்டுடாதிய என்று சிலேட்டில் எழுதி வேறு காட்டினான். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்று ஹுவாங் என்ற பெண் சைகையால் காட்டினாள். நல்ல பிள்ளை, என்னை பாக், பாக் என்று பெரியப்பா முறை சொல்லித்தான் கூப்பிடுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சத்தம் அனுப்பும்போதெல்லாம் இடது தோள் லேசாக அசைந்தது. நாற்பது வருஷம் கறிக்கடையில் வருகிறவன் முகத்தைப் பார்த்தே அவனுக்கு எலும்பா, சதையா என்று சொன்னவன் நான், தோளை விடுவேனா, அசையும்போதெல்லாம் அழுத்தினேன். பிறகு பிரயோஜனமில்லாமல் கிடந்த என் பழைய காது மெஷினை மாட்டிவிட்டு, வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் பளபளவென்று ஓர் எவர்சில்வர் அலமாரி இருந்தது, அதில் அவள் உதடு நன்றாகத் தெரிந்தது, ஒற்றை வார்த்தையானால் உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இருபதுக்குப் பதினேழு வாங்கினேன். வழியெல்லாம் சைக்கிள் ரிக்ஷாக்காரனிடம்கூடச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு உம்மாவிடம் ஏதோ சொன்னார். உம்மா சிலேட்டில் எழுதினாள், நீங்க பாஸு, அதனால பெயிலு. கேட்காதவனுக்குத்தான் ஆபரேஷனாம், இவ்வளவு நன்றாகக் கேட்கிறவனுக்கு வேண்டியதில்லையாம். கேட்கவில்லை ஐயா என்றால், எல்லாரும் காகிதத்தைக் காட்டுகிறார்கள். அப்போது உன் உம்மா எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். டாக்டர், ஹுவாங், இரண்டு நர்ஸ்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஏதோ எனக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று நானும் பல்லைக் காட்டி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அறையே குலுங்கிச் சிரித்தது, டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். என்ன சொன்னாய் என்று சிலேட்டை நீட்டினேன். இவர் ஆக்குன ஆட்டுக்கறியவிட தாஜுதீன் ஆக்குனது எவ்வளவோ மேல் என்று அவர்கள் பாஷையில் சத்தம் போட்டுச் சொன்னாளாம்! காது கேட்கிற நத்தர்ஷா அதைக் கேட்டு ஆமாம் போடுவானா? டாக்டருக்கு அந்த ஒரு சாட்சி போதுமாக இருந்தது. நான் தோளையும் அலமாரியையும் ஒப்புக்கொண்டேன், ஹுவாங் இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

மறுபடி சோதனை, இந்தமுறை சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டார்கள், வார்த்தைகள் ஒலிபெருக்கியில் வந்தன. எனக்கு ஒன்றும் விளங்காததால் எல்லாவற்றுக்கும் கா, கா என்றேன், அது இங்கே மீனுக்குச் சொல்வது. பட்டியலில் மீனும் இருந்ததால் இருபதுக்கு ஒன்று. பாஸ்! இன்னொரு நாள் காதுக்குள் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், வுங் டாவ் கடற்கரைக்குப் படகில் போவதுபோல் அறை சுற்றியது, உன் மாமனாரைக் காலையில் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல். பிறகு குழாய்க்குள் படுக்கவைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள், அந்த மெஷின் பயங்கரமாகச் சத்தம் போடுமாம், காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். எனக்கு! மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டேன். மூளைக்காய்ச்சல் வராமல் ஊசியும் போட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே மாட்டும் மெஷின் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளுமாம், கரண்டியெல்லாம் வந்து ஒட்டும் என்று தாஜுதீன் பயமுறுத்துகிறான், வீட்டில் காணாமல் போகும் கரண்டி இனிக் கிடைக்கும் என்கிறாள் உம்மா.

கடைசியாக ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாள் உட்காரவைத்து, உம்மாவின் சிலேட்டு வழியாக, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். எடுத்ததும் மனிதக் குரல் மனிதக் குரலாக இருக்காதாம், வாத்து கத்துவதுபோல் இருக்கலாமாம், மாதக்கணக்கில் பழகினால்தான் விளங்குமாம், சிலருக்கு அவ்வளவாக விளங்காமலும் போகுமாம், கொஞ்ச நஞ்சம் மிச்சமிருக்கும் கேட்கிற சக்தியும் போய்விடலாமாம். உம்மா வாத்து ஆகப்போகிறாள் என்று அங்கே சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். உம்மா சிலேட்டில், பயமா இருக்கா என்று எழுதி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இல்லை என்று வாயால் சொல்லத்தான் வந்தது. பெருநாள் அன்று போனில் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. பலப்பத்தை எடுத்து, ஆமாம் என்று எழுதினேன். அவளுக்கு நான் எழுதிய முதல் பதில் அதுதான். உம்மா வந்து வாசித்தாள், எனக்கும்தான் என்று கீழே எழுதினாள். அதை இன்னும் இருவரும் அழிக்கவில்லை, இரண்டு நாளாகச் சிலேட்டு இல்லாமல் சைகையிலேயே சண்டை போடுகிறோம்.

ஏப்ரல் இருபதாம் தேதி ஆபரேஷன். புண் ஆறி ஒரு மாதம் கழித்துத்தான் மெஷினை மாட்டித் திறப்பார்கள். திறந்த அன்றே போன் போட்டுவிடாதே, நூர் நிஷாவை வாத்தாகக் கேட்க எனக்கு மனமில்லை. பழகியபின் நானே சொல்கிறேன், அப்போது குழந்தையைப் பேசவை, விளங்கினால் விளங்கியது என்பேன், விளங்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லச்சொல்லு என்பேன், இனிப் பொய் கிடையாது. அதுவரை நீ எழுது. உன் கடிதத்தை வாசிக்கும்போது உன் குரலில்தான் வருகிறது மகளே, அதில் வாத்து கிடையாது.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும், கேட்கிற காதும், கேட்டதற்குப் பொறுமையும் தரட்டும். கறி விஷயத்தை அங்கே தாஜுதீனின் தங்கச்சி வீட்டில் சொல்லிவிடாதே, அவன் அதைப் பலகையில் எழுதிப் பள்ளிவாசல் கஞ்சி அடுப்புக்கு மேலே மாட்டிவிடுவான். கை வலிக்கிறது, இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு வருகிற வாரம் வியாழனுக்குள் அடுத்த காகிதத்தை முடித்துவிடுவேன், காது வந்தாலும் வராவிட்டாலும் வாரம் ஒன்று உண்டு.

இப்படிக்கு,
உன் வாப்பா
நத்தர்ஷா
(இது கைநாட்டு அல்ல, கையெழுத்து)